தவளை கேட்டேன், தவலை வந்தது

பிள்ளைகளே, உங்கள் அம்மா பாத்திரம் தேய்க்கும்போது யாராவது "தவலை" என்று சொல்லிவிட்டால் போதும், கையிலிருக்கும் புளியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிறாளே, ஏன் என்று நீங்கள் மூவரும் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அவளைச் சொல்லச் சொன்னால் பாதியில் சிரிப்பு வந்து கதை நின்றுவிடுகிறது. அதனால் நானே எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் ல எது, ள எது என்று மட்டும் பார்த்துப் படியுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

எங்களுக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆடி அது. வழக்கப்படி உங்கள் அம்மாவைப் பெருநகருக்கு, அவள் தாய் வீட்டுக்கு, அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒற்றை மெஷின் போட்டுத் தையல் கடை வைத்திருந்தேன். ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் ரவிக்கை கிடையாது. மெஷின் சும்மா இருந்தது. நானும் சும்மா இருந்தேன். ஆடிப் பதினெட்டுக்கு விருந்துக்கு வரும்படி மாமனார் சொல்லி அனுப்பியிருந்தார். வெறுங்கையை வீசிக்கொண்டு போக எனக்கு மனசில்லை.

அந்தச் சமயம் ஏரி வற்றிக் கிடந்தது. மதகுக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் மட்டும் இடுப்பளவுத் தண்ணீர். அதில் அல்லி இலை மூடிய மூலையில் ஒரு பெரிய விரால் இருந்தது. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் முழங்கையைக் காட்டி அளவு சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் முழங்கை நீண்டுகொண்டே போனது. மண்புழு போட்டால் சின்னக் கெளுத்திகள் வந்து தின்றுவிட்டுப் போகும். வெட்டுக்கிளி போட்டால் குரவை வரும். பெரியவர் அசையவே மாட்டார். அவருக்குத் தவளை வேண்டும். அதுவும் வரப்பில் தத்துமே, கட்டைவிரல் பருமனில் பச்சையாக ஒரு தவளை, அது. எங்கள் பக்கம் வயல் காய்ந்து கிடந்ததால் கொல்லைப்புறத்துச் சொறித்தவளைதான் அகப்பட்டது. அதை விரால் வாயில் வாங்கினாலும் துப்பிவிடும்.

பெருநகரில் அப்படி இல்லை. செய்யாற்று ஊற்றுக் கால்வாய் பாய்கிற ஊர். மாமனார் வயலில் எப்போதும் பச்சை இருக்கும், பச்சை இருந்தால் தவளையும் இருக்கும். அதனால் காலை வண்டி கிளம்புகிற நேரத்தில் ஓடிப்போய்க் கண்டக்டரைப் பிடித்தேன். அவர் என் சிநேகிதர். சட்டையெல்லாம் என்னிடம்தான் தைப்பார்.

"மாமனாரு வூட்ல சொல்லுப்பா. நல்ல தவளையா ஒண்ணு வேணும்னு. ரொம்பப் பெருசு வேணாம், நடுத்தரமா இருந்தா போதும். பதினெட்டுக்குள்ள வந்துடணும்!"

வண்டி உறுமிக்கொண்டிருந்தது. "இன்னா வேணும்?" என்று காதில் கையை வைத்தார்.

"தவள! தவள!"

"சரி நைனா, சொல்லிட்றேன்!" என்று விசில் ஊதிவிட்டார்.

உயிரோடு என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். எட்டாவது வரை படித்து என்ன பிரயோஜனம்?

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, வண்டி வந்து நின்றதும் கண்டக்டர் மேலே ஏறினார். கோணியில் சுற்றிய பெரிய உருண்டை ஒன்றை இறக்கி என் கடை வாசலில் வைத்தார்.

"பலே ஆளுப்பா நீ! கேட்ட ரெண்டா நாளு அனுப்பிக்கீறாங்க பாரு."

கோணியைப் பிரித்தேன். பளபளவென்று ஒரு பித்தளைத் தவலை. புளி போட்டுத் தேய்த்து, கழுத்தில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். நான் அதையும் கண்டக்டரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் அடுத்த நடைக்குக் கிளம்பிப் போய்விட்டார். தவலைக்குள் கையை விட்டேன். நான்காக மடித்த சீட்டு ஒன்று இருந்தது. உங்கள் அம்மாவின் கையெழுத்து.

"நீங்கள் கேட்ட தவலையை அப்பா கொடுத்து அனுப்புகிறார். ரோட்டில் நின்று பத்துப் பேர் கேட்கக் கண்டக்டர் சொன்னாராம். நடுத்தரமாக இருந்தால் போதும் என்று அளவு வேறு. இது தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்து வைத்தது. ஆடிச் சீர் கேட்டு ஆள் அனுப்புகிறவர் என்று நான் உங்களை நினைக்கவில்லை. விருந்துக்கு வாருங்கள். நான் திரும்பி வருவதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்."

அந்தக் கடைசி வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. கல்யாணமாகி நான்கு மாதம்தான். அதற்குள் நான் மாமனாரிடம் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. இரண்டாம் முறை சோறு கேட்கவே கூச்சப்படுவேன். இப்போது ஊர் முழுக்க, மச்சினி கல்யாணத்துக்கு வைத்த பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்ட மாப்பிள்ளை நான்.

தவலையை அப்படியே திருப்பி அனுப்பலாம் என்று முதலில் தோன்றியது. ஆனால் கொடுத்த சீரைத் திருப்பி அனுப்புவது வாங்கியதைவிடப் பெரிய அவமானம். மாமனார் ஊரில் தலை காட்ட மாட்டார். "நான் கேட்டது தவளை" என்று சொல்லி அனுப்பலாம். யார் நம்புவார்கள்? மாப்பிள்ளை மாமனார் வீட்டில் தவளை கேட்டான் என்று எந்த ஊரிலாவது உண்டா? நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். தவளை எதற்கு என்று கண்ணெதிரே காட்டினால்தான் நம்புவார்கள். அந்த விராலைப் பிடிக்க வேண்டும். அந்தத் தவலையிலேயே அதை உயிரோடு போட்டுக்கொண்டு போக வேண்டும். அப்போது பாத்திரமும் வீடு சேரும், அவமானமும் இல்லை. பதினெட்டுக்கு நடுவில் இரண்டு நாள் இருந்தது. தவளைதான் இல்லை.

தவளை இல்லையென்றால் தைத்துக்கொள்ள வேண்டியதுதானே! நான் தையல்காரன்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்தேன். துண்டுத் துணி மூட்டையைக் கொட்டிப் பச்சையைத் தேடினேன். கிளிப் பச்சை, பாசிப் பச்சை, இலைப் பச்சை எல்லாம் எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன். நனைந்தால் எல்லாப் பச்சையும் ஒரு படி கறுக்கும். நனைந்த பிறகு தவளை நிறம் வருவது ஒரே ஒரு சாட்டின் துணிதான். அதை வெட்டி, உள்ளே பஞ்சடைத்து, இரண்டு கறுப்புக் கண்ணாடிப் பொத்தானைக் கண்ணாக வைத்துத் தைத்தேன். தூண்டில் முள்ளை வயிற்றில் செருகி, முனை மேலே பார்க்க, இரண்டு கால்களுக்கு நடுவில் ஒளித்துவிட்டேன், அல்லி இலையில் மாட்டாமல் இருக்க. கடையில் மாட்டி வைத்தால் குழந்தைகள் கேட்டு அழும், அவ்வளவு அழகு.

வியாழக்கிழமை காலை மதகடியில் அதை வீசினேன். பஞ்சு தண்ணீரைக் குடித்தது. என் அழகுத் தவளை கல்லைப் போல அடிக்குப் போய்ச் சேற்றில் உட்கார்ந்துகொண்டது.

ஏரிக்கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மானாம்பதிப் பக்கத்து அம்மாள், வாய் மட்டும் ஊருக்கே கேட்கும்.

"இன்னா தையக்காரரே, தவளைக்கு ரவிக்க தச்சிகினு வந்துகீறியா?"

"ஆமா அக்கா. அளவு சரியா கீதான்னு பாக்குறேன்."

"ரவிக்க சரி. பாவாட எங்க? மேலயும் பச்ச, அடிலயும் பச்ச. எந்த ஊருத் தவள இது?"

அவர் கேலிதான் செய்தார். எனக்குச் சுருக்கென்றது. விரால் அடியில் இருந்து மேலே பார்க்கிறது. அதற்குத் தெரிவது முதுகு இல்லை, வயிறு. நான் என் கண்ணுக்குத் தைத்திருக்கிறேன், அதன் கண்ணுக்கு இல்லை.

ஏரியிலேயே விளைகிற நெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கடைக்கு வந்தேன். மாலை கட்டுவார்களே, தக்கை போல வெள்ளையாக இருக்குமே, அதுதான். அதைச் செதுக்கி உடம்பாக்கினேன். முதுகுக்குப் பச்சை, வயிற்றுக்குப் பழைய வெள்ளை மல்லுத் துணி. பின்னங்காலுக்குத் துணி சரிப்படவில்லை, நனைந்தால் ஒட்டிக்கொண்டு தொங்கியது. சைக்கிள் கடைக்காரரிடம் வால்வ் டியூப் ஒரு துண்டு வாங்கி இரண்டு கால் செய்தேன். இழுத்தால் நீளும், விட்டால் மடங்கும். வாளித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது, ஆனால் மல்லாந்து! செத்த தவளையை யார் தின்பார்கள்? கால்சட்டைக்கு வைக்கும் இரும்புக் கொக்கி இரண்டை வயிற்றுக்கு அடியில் சேர்த்துத் தைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தது. வாளியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ரவிக்கை வாங்க வந்த ஒரு அம்மாள் நான் வாளியோடு பேசுவதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை அல்லி இலைக்கு அந்தப் பக்கம் வீசி இழுத்தேன். தண்ணீரில் ஒரு முதுகு எழும்பியது. கறுப்பாக, என் தொடை அகலத்துக்கு! தவளைக்குப் பின்னாலேயே ஒரு முழம் வந்தது, நின்றது, திரும்பிப் போய்விட்டது. மறுபடி வீசினேன். மறுபடி வந்தது, பார்த்தது, போய்விட்டது. கடைக்கு வந்து விலை கேட்டுவிட்டுப் போகிறவர்களைப் போல.

"தவள இன்னா ரயிலா?" என்றார் புல் அக்கா. "நிக்காம போய்கினே கீது. ஒக்காரவே ஒக்காராதா?"

என் கை அப்படிப் பழகிய கை. மெஷின் மிதிக்கிற சீரில் இழுத்திருக்கிறேன். தையல் ஒழுங்காக விழ வேண்டும், அடிக்கு அடி ஒரே அளவு. தவளை அப்படிப் போகாது. மூன்று தத்து தத்தும், உட்காரும், யோசிக்கும், அரைத் தத்து தத்தும். நானும் அப்படியே செய்தேன். இலைமேல் ஏற்றி உட்கார வைத்தேன். மூச்சு விடாமல் இருந்தேன். பிறகு சின்னதாக ஒரு உதறல்; ரப்பர் கால் விரிந்து மடங்கி, தவளை இலையிலிருந்து தண்ணீரில் விழுந்தது.

பொளக்! துணி துவைக்கும் கல்லில் ஈரத் துணி விழுந்த சத்தம். தவளையைக் காணோம்.

நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். உயிர்த் தவளை போட்டால் அப்படித்தான் செய்ய வேண்டும். விரால் வாயில் வாங்கி, உள்ளே திருப்பி, விழுங்க அவகாசம் கொடுக்க வேண்டும். ஐந்து எண்ணி முடித்து வெட்டி இழுத்தேன். கழி லேசாக வந்தது. என் தவளை தனியாக மிதந்துகொண்டிருந்தது, ஒரு கண் பொத்தான் இல்லாமல்.

"துப்பிட்ச்சி!" என்று புல் அக்கா கைதட்டினார். "உன் துணி அதுக்குப் புடிக்கலயாம்!"

கரையில் உட்கார்ந்து தவளையை முகர்ந்து பார்த்தேன். மெஷின் எண்ணெய் நாற்றம். என் கையில் எப்போதும் இருப்பதால் எனக்குத் தெரியவில்லை. உயிர்த் தவளையை அது விழுங்கும், துணியைத் துப்பத்தான் துப்பும். எண்ணிக்கொண்டு நிற்கக் கூடாது. அன்று முழுக்க அந்தத் தவளையை ஏரிச் சேற்றில் புதைத்து வைத்தேன். எடுத்தபோது எண்ணெய் வாசனை போய்ச் சேற்று வாசனை வந்திருந்தது. கண்ணுக்கு வேறு பொத்தான் வைத்தேன். அது அளவில் கொஞ்சம் பெரியது. பரவாயில்லை, ஆச்சரியப்பட்ட தவளையாக இருக்கட்டும்.

சனிக்கிழமை, ஆடிப் பதினெட்டு. பத்து மணிக்கு வண்டி. விடிந்ததும் தவலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மதகடிக்குப் போனேன். பாதி தண்ணீர் நிரப்பிக் கரையில் வைத்தேன். புல் அக்கா எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். அன்று கேலி செய்யவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

நான்கு தடவை வீசினேன். ஒன்றும் இல்லை. அது வேறு இடம் போயிருக்குமா, யாராவது இரவில் வலை போட்டிருப்பார்களா என்று அல்லி இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உங்கள் அம்மாவின் சீட்டு சட்டைப் பையில் இருந்தது. ஐந்தாவது தடவை, மதகுக் கல்லின் நிழல் விழும் இடத்தில், தண்ணீரில் போடாமல் கல்லின்மேல் போட்டேன். ஈரக் கல்லில் தவளை உட்கார்ந்தது. நான் சும்மா நின்றேன். ஒரு தத்து. சும்மா. அரைத் தத்து. அப்புறம் தண்ணீரில் விழ விட்டேன்.

பொளக்!

எண்ணவில்லை. இரண்டு கையாலும் தூக்கினேன். கழி வளைந்து கையை விட்டு ஓடப் பார்த்தது. பனிச்சங்காய்ச் சாறு ஏற்றி முறுக்கிய நூல், அதனால் தாங்கியது. கழியைக் கரையில் போட்டுவிட்டு நூலைக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தேன். சேற்றில் வந்து விழுந்ததும் அது ஒரு துள்ளு துள்ளியது பாருங்கள், முள் கழன்று போய்விட்டது! தண்ணீருக்கு இரண்டு முழம்தான் இருந்தது. நான் பாய்ந்தேன், வழுக்கினேன், அதுவும் வழுக்கியது.

அதற்குள் புல் அக்கா தன் புல் கட்டைத் தூக்கி மீன் மேல் போட்டு, அதன்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"புடி! புடி! என்ன கீய இருந்து தூக்குது!"

இரண்டு பேருக்கும் சிரிப்பில் கை ஓடவில்லை. கடைசியில் செவுளுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்துத் தவலையில் போட்டேன். போடுமுன் என் கழுத்தில் தொங்கிய டேப்பால் அளக்க முயன்றேன். இரண்டடிக்கு இரண்டு விரல் குறைச்சல் என்று படித்தேன், அப்புறம் டேப்பையே வாலால் அடித்துவிட்டது. ஈரத் துணியால் தவலையின் வாயைக் கட்டினேன். அக்காவின் அந்த வருஷத்து ரவிக்கை எல்லாம் இலவசம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். "எனக்கும் அதே பச்சைல வேணும்" என்றார்.

வண்டியில் தவலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து தம் தம் என்று சத்தம் வந்தது. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னாப்பா, சீரத் திருப்பி எட்த்துகினு போற?" என்றார் கண்டக்டர்.

"யோவ், நான் கேட்டது தவள. தத்தித் தத்திப் போகுமே, தவள."

அவர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார். "தவக்களயா!"

"அதேதான்."

"அத வாயத் தொறந்து சொல்ல வேணாமா? பேஜார் பண்ணிட்டியே! நான் நடு ரோட்ல நின்னு சொன்னேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு தவலையைக் காட்டி, "உள்ள யாரு?" என்றார்.

"விரால்."

"உனக்கு முழு டிக்கெட்டு. அவருக்கு அர டிக்கெட்டு."

பெருநகரில் இறங்கித் தவலையோடு வீட்டு வாசலுக்குப் போனேன். மாமனார் எழுந்து நின்றார். "வாங்க மாப்ள" என்றார், முகத்தில் சிரிப்பில்லாமல், மரியாதை மட்டும் வைத்து. என் கையில் தவலையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. மாமியார் உள்ளே போய்விட்டார். கதவுக்குப் பின்னால் உங்கள் அம்மாவின் புடவை ஓரம் தெரிந்தது, ஆள் வெளியே வரவில்லை.

தவலையைக் கீழே வைத்தேன். பையிலிருந்து துணித் தவளையை எடுத்து அவர் காலடியில் வைத்தேன். அது பெரிய கண்ணும் சின்னக் கண்ணுமாக அவரைப் பார்த்தது.

"மாமா, நான் கேட்டது இது. கிடைக்கலன்னு நானே தச்சிகினேன். இத வச்சிப் புடிச்சது உள்ள கீது."

துணியை அவிழ்த்தேன். விரால் வாலால் ஒரு வீச்சு வீசியது. மாமனாரின் சலவை வேட்டி முழுக்க ஏரித் தண்ணீர்.

அவர் தவளையைப் பார்த்தார். தவலையைப் பார்த்தார். "தவளையா..." என்று மெதுவாகச் சொன்னார். இன்னொரு தடவை "தவல... தவள..." என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அப்புறம் அவர் சிரித்தது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். நிற்க முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அடியே, இங்க வாடி! மாப்ள தவக்கள கேட்டாராம்டி! நீ மூணு நாளா சோறு தின்னாம கீற!" என்று கதவுப் பக்கம் பார்த்து உங்கள் அம்மாவைக் கூப்பிட்டார்.

மாமியார் வந்தார், மச்சினி வந்தாள். "நடுத்தரமா இருந்தா போதும்னு சொன்னாரே மாமா!" என்று மச்சினி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கடைசியாக உங்கள் அம்மா வந்தாள். துணித் தவளையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என் கல்யாண ரவிக்க துணிதானே?"

"மிச்சத் துணிதான்" என்றேன். "நனஞ்சா அதுதான் சரியான நெறம்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. "நாளைக்குக் காலை வண்டிக்கா, சாயங்கால வண்டிக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். எனக்குக் கேட்க வேண்டியது அது ஒன்றுதான்.

விரால் குழம்பில் தலைப்பாகம் எனக்கு வந்தது. இரண்டாம் முறை சோறு நானாகவே கேட்டேன். தவலையை மாமியார் கழுவி, மச்சினியின் மற்றப் பாத்திரங்களோடு வைத்துவிட்டார்.

சாப்பிட்ட பிறகு எல்லோரும் கண் அசந்துவிட்டார்கள். நான் மட்டும் எழுந்து வயல் பக்கம் போனேன். கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பில் கால் வைத்த இடமெல்லாம் பச்சைத் தவளைகள் தத்தின, நான் கேட்ட அதே அளவில். குனிந்து ஒன்றைப் பிடித்தேன். உள்ளங்கையில் மல்லாத்தி வயிற்றைப் பார்த்தேன். வெள்ளை இல்லை, லேசான மஞ்சள், பழுத்த எலுமிச்சையின் உள்தோல் போல. விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். பிறகு கையைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, அதுவாகப் போகும்வரை அப்படியே வைத்திருந்தேன்.